சீசன் தொடங்க முதல் ஒரு கொலேஜ் அமெரிக்கன் ஃபுட்போல் டீம்ட ரிசீவர்மார எப்பிடி எடை போடுறது? திருகோணமலையில இருந்து பாக்கிறவங்களுக்கு

ஜூலை கடைசி, ஆகஸ்ட் எண்டா இங்க கச்சான் காத்து முகத்துல அனலா அடிக்கும், மத்தியானத்துல வெளிக்கிடவே ஏலாது, அதே நேரம் அங்க அமெரிக்காவில யூனிவர்சிட்டி டீம் எல்லாம் கேம்ப் தொடங்கிடுவாங்க, உடனே ஃபெமிலி வட்ஸ்அப் குரூப்ல கொலம்பஸ்ல இருக்கிற மச்சான்ல இருந்து டலஸ்ல இருக்கிற சித்தப்பாட மகன் வரைக்கும் "இந்த வருசம் எங்கட ரிசீவர்மார் வேற லெவல்" எண்டு அனுப்பத் தொடங்குவாங்க. ஆகஸ்ட்ல எல்லா டீமுக்கும் ரிசீவர்மார் வேற லெவல்தான், ஒரு மட்ச்சும் விளையாடல்லயே. அவங்கட கதைய நம்பிக்கொண்டு இருக்காம நீங்களே கணக்குப் பாக்கலாம். ஒரு சீஆர் கொப்பி, ஒரு பேனை, அந்த டீம்ட போன வருச ஸ்டட்ஸ் பக்கம், யூடியூப்ல ரெண்டு மூண்டு மட்ச், இவ்வளவும் காணும்.

இந்த விளையாட்டு புதுசெண்டா முதல் கொஞ்சம் அடிப்படை. ஏகாம்பரம் கிரவுண்ட்ல எங்கட ஃபுட்போல் பாத்தவங்களுக்கு விங்கரைத் தெரியும்தானே, லைனோட ஓடி ஓடிக் களைச்சுப் போவான், நடுவில நிக்கிறவன் பந்து தரல்ல எண்டா அவன்ட பேர்ல ஒண்டும் இராது. அமெரிக்கன் ஃபுட்போல்ல வைட் ரிசீவரிட நிலையும் அதேதான், எறியிறது குவாட்டர்பெக், இவன் ஓடிப்போய்ப் பிடிக்கிறவன். ஒஃபென்ஸ்ல, அதாவது பந்தை வச்சு முன்னேறுற பக்கத்துல, மொத்தம் 11 பேர், அதுல 5 பேர் முன்னால நிண்டு தடுக்கிற பெரிய ஆக்கள், ஒராள் குவாட்டர்பெக், மிச்சம் அஞ்சு பேர். இப்ப கூடுதலா அந்த அஞ்சுல மூண்டு பேர் ரிசீவர், ஒராள் டைட் எண்ட் (தடுக்கவும் பிடிக்கவும் செய்றவன்), ஒராள் ரன்னிங் பெக் (பந்தை வச்சுக்கொண்டு ஓடுறவன்).

அந்த மூண்டு பேரும் ஒரே வேலைக்காரர் இல்ல, இதத்தான் கன பேர் கவனிக்கிறதில்ல. "எக்ஸ்" எண்டுறவன் பந்து கிளம்புற கோட்டுலயே நிக்கோணும், அதால எதிர் கோர்னர்பெக், அதாவது ரிசீவரை மறிக்கிற எதிராளி, அவன்ட மூஞ்சிக்கு நேர வந்து நிண்டு நெஞ்சில கை வச்சுத் தள்ளலாம், அந்த இடத்துக்கு உடம்புப் பலம் உள்ளவன் வேணும். "இஸெட்" ஒரு அடி பின்னால நிப்பான், பந்து கிளம்ப முதல் பக்கவாட்டுல நகரலாம், அதால கொஞ்சம் சுதந்திரம். "ஸ்லொட்" உள்ளுக்கு நிக்கிறவன், நடு மைதானத்துல சின்னச் சின்ன இடைவெளியில பந்தை வாங்குறவன். ஆகஸ்ட்ல ஒரு டீமைப் பாத்து "நல்ல ரிசீவர் நாலு பேர் இருக்கிறாங்க" எண்டு சந்தோசப்பட முதல் அந்த நாலு பேரும் ஸ்லொட்காரரா எண்டு பாருங்க. அப்பிடியெண்டா அது ஆழம் இல்ல, நெரிசல்.

சரி, கொப்பிய திறங்க. ஒரு பக்கத்துல நடுவால கோடு போடுங்க, இடப்பக்கம் போனவங்க, வலப்பக்கம் மிஞ்சினவங்க. எல்லாரும் திரும்பி வாற ஸ்டாரைத்தான் முதல் பாப்பாங்க, நான் சொல்றன் முதல் பாக்க வேண்டியது போனவனை. என்எஃப்எல்லுக்கு (காசுக்கு விளையாடுற பெரிய லீக்) போனவன், படிச்சு முடிச்சவன், போர்ட்டல்ல (டீம் மாற விரும்புறவங்க பேர் குடுக்கிற பட்டியல்) வேற டீமுக்குப் பாய்ஞ்சவன், எல்லாரும் போன வருசம் பிடிச்ச பந்து எத்தனை, யார்ட்ஸ் (பிடிச்சு முன்னேறின தூரம்) எத்தனை, டச்டவுன் (பந்தோட எதிராளிட கடைசிக் கோட்டைத் தாண்டுறது) எத்தனை எண்டு கூட்டுங்க. டார்கெட் கணக்கு, அதாவது அவனை நோக்கி எறிஞ்ச பந்துகளிட எண்ணிக்கை கிடைச்சா இன்னும் நல்லம். அந்தக் கூட்டுத்தொகைதான் இந்த வருசம் காலியா கிடக்கிற வேலை. பந்து எறியிறத டீம் நிப்பாட்டப் போறதில்ல, அத ஆரோ ஒருத்தன் பிடிச்சே ஆகோணும்.

ஒரு உண்மையான டீமை வச்சுச் செஞ்சு பாப்பம், அப்பதான் விளங்கும். ஒஹாயோ ஸ்டேட், 2022 ஆகஸ்ட்ல இருக்கிறம் எண்டு நினைச்சுக்கொள்ளுங்க. இடப்பக்கம் ரெண்டு பேர், காரெட் வில்சன் 2021ல 70 பந்து, 1,058 யார்ட், 12 டச்டவுன், கிறிஸ் ஒலாவே 65 பந்து, 936 யார்ட், 13 டச்டவுன், ரெண்டு பேரும் 2022 ட்ராஃப்ட்ல (என்எஃப்எல் டீம் எல்லாம் புது ஆக்களைத் தெரிவு செய்றது) 10ஆம் 11ஆம் ஆளாப் போயிட்டாங்க. கூட்டினா 135 பந்து, 1,994 யார்ட், 25 டச்டவுன் காலி. வலப்பக்கம் மேல ஜெக்சன் ஸ்மித்-இன்ஜிக்பா, 2021ல 95 பந்து, 1,606 யார்ட், அதுல சீசன் கடைசியில நடந்த ரோஸ் போல் எண்ட ஒரே மட்ச்ல மட்டும் 15 பந்து 347 யார்ட். அவனுக்குக் கீழ மார்வின் ஹரிசன் ஜூனியர் 11 பந்து, எமேக்கா எக்புக்கா 9 பந்து. இதப் பாத்தா சாதாரண ஆள் என்ன சொல்லுவான்? ஒரு ராசா, மிச்சம் எல்லாம் சின்னப் பொடியன்மார் எண்டுதான்.

நடந்தது என்னெண்டா ஸ்மித்-இன்ஜிக்பாக்கு முதல் மட்ச்லயே பின் தொடைத் தசை பிடிச்சிட்டு, முழு சீசனுக்கும் 5 பந்து, 43 யார்ட். ஹரிசன் 77 பந்து 1,263 யார்ட் 14 டச்டவுன், எக்புக்கா 74 பந்து 1,151 யார்ட் 10 டச்டவுன். காயத்தை ஆகஸ்ட்ல ஒருத்தராலயும் சொல்ல ஏலாது, அது விதி. ஆனா கீழ இருந்த ரெண்டு பேரும் எழும்புவாங்க எண்டுறத இடப்பக்கத்து 135ஐப் பாத்தே சொல்லியிருக்கலாம், எறியிற சி.ஜே. ஸ்ட்ரவுட் அதே ஆள், ஹெட் கோச் ரையன் டே அதே ஆள், ரிசீவர் கோச் பிரையன் ஹார்ட்லைனும் அதே ஆள். இன்னொரு குறிப்பும் இருந்துச்சு. அந்த ரோஸ் போல்ல வில்சனும் ஒலாவேயும் இறங்கல்ல, அவங்கட இடத்துல நிண்ட ஹரிசன் மூண்டு டச்டவுன் அடிச்சான், முழு வருசத்துல அவன் அடிச்சதே அந்த மூண்டுதான். அதால போன சீசன்ட கடைசி மட்ச்ச கட்டாயம் பாருங்க, பெரிய ஆக்கள் ட்ராஃப்ட்டுக்காக ஒதுங்கியிருந்தா இன்னும் வடிவா பாருங்க, அடுத்த வருசத்து டீம்ட முகம் அதுலதான் முதல் தெரியும்.

இதோட ஒரு சின்ன வேலை, ஒவ்வொரு ஸ்டாரிட பேருக்குப் பக்கத்துலயும் "இவன் இல்லாட்டி ஆர்?" எண்டு ஒரு பேர் எழுதுங்க. எழுத ஒரு பேரும் வரல்ல எண்டா அந்த டீம்ட ரிசீவர் பக்கம் நீங்க நினைக்கிறத விட மெல்லிசு.

அடுத்தது எறியிறவன். இதுக்குத்தான் நான் கூட நேரம் குடுப்பன், ஏனெண்டா ரிசீவரிட நம்பர்ல பாதி குவாட்டர்பெக்கும் அந்த ஒஃபென்ஸை வரையிற கோச்சும் போட்டது. எல்எஸ்யூவை (லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி) எடுங்க. 2018ல ஜோ பரோ எறிஞ்சது 16 டச்டவுன், ஜஸ்டின் ஜெஃபர்சன் 54 பந்து 875 யார்ட், ஜமார் சேஸ் புதுப் பொடியன், 23 பந்து 313 யார்ட், கேட்டா "பரவால்ல" எண்டு சொல்லலாம், அவ்வளவுதான். 2019 தொடக்கத்துல ஜோ பிரேடி எண்டு ஒரு இளம் கோச் நியூ ஒர்லியன்ஸ் செயின்ட்ஸ்ல இருந்து வந்தார், பாஸிங் கேமைக் கையில எடுத்தார். அந்த சீசன்ல பரோ 60 டச்டவுன், சேஸ் 84 பந்து 1,780 யார்ட் 20 டச்டவுன், ஜெஃபர்சன் 111 பந்து 1,540 யார்ட் 18 டச்டவுன். இத்தனைக்கும் இந்த ஜெஃபர்சன் 2017ல முதல் வருசம் ஒரு பந்து கூட பிடிக்கல்ல. ஆக்கள் அதே ஆக்கள்தான், பந்து போற பாதைதான் மாறிட்டு. அதால கொப்பியில ரிசீவர் பேருக்கு மேல ரெண்டு வரி விடுங்க, குவாட்டர்பெக் பழைய ஆளா புது ஆளா, ஒஃபென்ஸ் கோர்டினேட்டர் பழைய ஆளா புது ஆளா. ரெண்டும் பழசு எண்டா போன வருச நம்பரை நம்பலாம். ரெண்டும் புதுசு எண்டா அந்த நம்பரைத் தூக்கிப் பக்கத்துல வச்சிட்டு, புதுக் கோச் முதல் இருந்த டீம்ல ஒரு மட்ச்சுக்கு எத்தனை தரம் எறிஞ்சார் எண்டு தேடுங்க. 30, 35 எண்டா ரிசீவர்மாருக்கு வேலை இருக்கு. ஆர்மி, நேவி மாதிரி டீம் எல்லாம் (டொக்யார்ட்ல இருக்கிற எங்கட நேவி இல்ல, அனாபொலிஸ் நேவி) கூடுதலா பந்தை வச்சுக்கொண்டு ஓடுற ஆக்கள், அங்க ரிசீவர் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தும் நம்பர் வராது.

போர்ட்டல் கதைக்கு வருவம். 2018 ஒக்டோபர்ல டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்துச்சு, 2021ல ஒரு தரம் டீம் மாறினா ஒரு வருசம் சும்மா இருக்கத் தேவையில்ல எண்டு விதி வந்துச்சு, அதே வருசம் ஜூலை 1ல இருந்து பொடியன்மார் தங்கட பேரை வச்சு உழைக்கலாம் எண்டும் வந்துச்சு, 2025 ஜூலையில இருந்து யூனிவர்சிட்டியே நேரா காசு குடுக்கலாம். இப்ப ஒவ்வொரு வருசமும் பாதி முகம் புதுசு. இதுல மாட்டுப்படுற இடம் என்னெண்டா, வந்தவன்ட பழைய நம்பரை அப்பிடியே புது டீம்ட கணக்குல போடுறது. ஜோர்டன் அடிசன் 2021ல பிட்ஸ்பேர்க்ல 100 பந்து, 1,593 யார்ட், 17 டச்டவுன், நாட்டுலயே சிறந்த ரிசீவருக்குக் குடுக்கிற பிலெட்னிகொஃப் விருதும் எடுத்தான், அடுத்த வருசம் யூஎஸ்சிக்குப் போனான், எறிஞ்சது கேலப் வில்லியம்ஸ், அந்த வருசம் கொலேஜ் ஃபுட்போல்லயே சிறந்த ஆளுக்குக் குடுக்கிற ஹைஸ்மன் விருது எடுத்த ஆள். அப்பிடி இருந்தும் அடிசனுக்கு 59 பந்து, 875 யார்ட், 8 டச்டவுன். இடையில காயமும் பட்டான், பந்தைப் பங்குபோட ஆக்களும் கன பேர் இருந்தாங்க. அவன்ட திறமை குறையல்ல, 2023 ட்ராஃப்ட்ல முதல் ரவுண்ட்லயே போனான். போர்ட்டல்ல வாறவனுக்கு நான் பழைய நம்பர்ல மூண்டுல ஒரு பங்கை வெட்டிட்டுத்தான் எழுதுவன், சின்ன டீம்ல இருந்து பெரிய டீமுக்கு வாறவனுக்கு அதை விடக் கூட. இது என்ட கை மதிப்பு, நீங்க வேற மாதிரி வெட்டலாம், வெட்டாம விட்டா மட்டும் பிழை.

ஸ்டட்ஸ் பக்கத்தைப் பாக்கேக்க மொத்தத்தோட நிக்காதீங்க, ஒவ்வொரு மட்ச்சா திறந்து பாருங்க. செப்டெம்பர்ல பெரிய டீம் எல்லாம் காசு குடுத்து சின்ன டீமைக் கூப்பிட்டு விளையாடும், 56-7 எண்டு முடியும், அதுல ஒருத்தன் 180 யார்ட் எடுத்திருப்பான், பிறகு கொன்ஃபரன்ஸ் (தங்கட லீக்) மட்ச்ல 30, 25, 41. ரிசீவர்மாருக்கு மொத்தம் பொய் சொல்லும், வரிசை பொய் சொல்லாது.

இதுக்கு மறு பக்கமும் இருக்கு. டெனசியில 2022 ஆகஸ்ட்ல எல்லாரும் கதைச்சது செட்ரிக் டில்மனைப் பத்தி, அவன் முந்தின வருசம் 1,081 யார்ட், 12 டச்டவுன். ஜேலின் ஹயட் எண்டுறவன் அதே வருசம் 21 பந்து 226 யார்ட், ஆர் கவனிப்பான்? டில்மனுக்குக் கால்ல காயம், ஹயட் ஸ்லொட்ல நிண்டான், கோச் ஜொஷ் ஹைப்பெல் ரிசீவர்மாரை மைதானத்துட ஓரக் கோட்டு வரைக்கும் அகலமா நிப்பாட்டி நடுவைத் திறந்து விடுறவர், அந்தத் திறந்த நடுவால ஹயட் நேர ஓடினான். 2022 ஒக்டோபர் 15 அலபாமாவுக்கு எதிரா 6 பந்து பிடிச்சு அதுல 5 டச்டவுன், டெனசி 52-49 வெற்றி. சீசன் முடிய 1,267 யார்ட், 15 டச்டவுன், பிலெட்னிகொஃப் விருதும் அவனுக்கு. அதால கொப்பியில ஒவ்வொருத்தனுக்கும் நேர வேகமா, உயரமா, பிடியா எண்டு ஒரு சொல் எழுதிட்டு, கோச்சிட ஒஃபென்ஸ் எதைக் கேக்குது எண்டு பொருத்திப் பாருங்க.

இப்ப வீடியோ. ரிவி கெமரா பந்தோட போகும், அதால தூர ஓடுற ரிசீவர் படத்தை விட்டுப் போயிடுவான், ரீப்ளேயை விடாம பாருங்க. ஃபோன்ல ஸ்பீடை 0.25க்கு இறக்குங்க. பந்து கிளம்புற நேரம் நிப்பாட்டி, ரிசீவருக்கும் கோர்னர்பெக்குக்கும் இடையில எவ்வளவு தூரம் எண்டு பாருங்க. ஏழு எட்டு யார்ட் தள்ளி நிண்டா எதிராளி அவன்ட வேகத்துக்குப் பயம், மூக்குக்கு நேர நிண்டா அவன்ட உடம்பைச் சோதிக்கிறான். இனி மெல்ல ஓட விட்டு ரிசீவரிட முதல் ரெண்டு எட்டைப் பாருங்க, பிறகு கோர்னர்பெக்ட இடுப்பைப் பாருங்க. இடுப்பு ஒரு பக்கம் திரும்பின அதே நேரம் ரிசீவர் மற்றப் பக்கம் வெட்டினா அவன் ரூட் (ரிசீவருக்குக் குறிச்சுக் குடுத்த ஓட்டப் பாதை) ஓடத் தெரிஞ்சவன், பந்து வராட்டியும் அந்த ஓட்டத்துக்கு ஒரு புள்ளி போடுங்க. வேகத்தால மட்டும் தப்பிறவன் திரும்பிற இடத்துல மூண்டு நாலு சின்ன எட்டு வச்சு பிரேக் பிடிப்பான், நல்ல கோர்னர்பெக் அத வாசிச்சிடுவான். பந்து வாற நேரம் கையால பிடிக்கிறானா நெஞ்சோட அணைக்கிறானா எண்டும் பாருங்க, நெஞ்சோட அணைக்கிறவன்ட பந்து ஈர நாள்ல வழுக்கும். கொலேஜ்ல ஓரத்துல பிடிக்கேக்க ஒரு கால் உள்ளுக்குப் பட்டாக் காணும், என்எஃப்எல்ல ரெண்டு கால் வேணும், ஹைலைட்ல வாற சில அற்புதமான கேட்ச்சை இத ஞாபகம் வச்சுக்கொண்டு பாருங்க.

எல்லாம் பாக்க நேரமில்ல எண்டா மூண்டாம் டவுன்களை (10 யார்ட் முன்னேறக் கிடைக்கிற நாலு தரத்துல மூண்டாவது) மட்டும் பாருங்க, இன்னும் ஏழு எட்டு யார்ட் வேணும் எண்ட நேரத்துல குவாட்டர்பெக்ட கண் முதல் ஆரிட்டப் போகுது? அவன்தான் அந்த டீம்ட உண்மையான நம்பர் வன், போஸ்டர்ல ஆர்ட படம் இருந்தாலும் சரி.

உயரம் நிறையில மயங்காதீங்க. டிவோன்டா ஸ்மித் 170 இறாத்தலுக்குக் கிட்டத்தான் இருந்தான், 2020ல அலபாமாவுக்கு 117 பந்து, 1,856 யார்ட், 23 டச்டவுன், 1991ல டெஸ்மண்ட் ஹவர்ட் எடுத்ததுக்குப் பிறகு ஹைஸ்மன் எடுத்த முதல் ரிசீவர். புதுசா ஸ்கூல் முடிச்சு வாறவங்களைப் பத்தி அஞ்சு நட்சத்திரம் எண்டு ஆரவாரம் வரும், ஜெரமையா ஸ்மித் மாதிரி 2024ல முதல் வருசமே 76 பந்து 1,315 யார்ட் எடுக்கிறவன் எப்பவாவதுதான் வருவான், மற்றவங்களுக்கு நான் முதல் வருசம் 15, 20 பந்துக்கு மேல எழுத மாட்டன். 2018ல ஒரு விதி வந்துச்சு, 4 மட்ச் வரைக்கும் இறங்கினாலும் ரெட்ஷர்ட் வருசம் (விளையாடக் கிடைக்கிற வருசக் கணக்குல சேராத வருசம்) கெடாது எண்டு, அதுக்குப் பிறகு கோச்மார் புதுப் பொடியன்மாரை செப்டெம்பர்லயே ஒருக்கா இறக்கிப் பாக்கிறாங்க, அத வச்சு ஆளுக்கு இடம் கிடைச்சிட்டு எண்டு நினைக்கக் கூடாது.

கேம்ப் செய்தி வரேக்க கோச் சொல்ற புகழ்ச்சியைத் தட்டி விடுங்க, ஆகஸ்ட்ல அவர் ஒருத்தரையும் குறை சொல்லமாட்டார். கேள்வியில பேர் வராம அவராவே ஒரு பேரைச் சொன்னா அதக் குறியுங்க. முதல் செட்டோட ஆர் ஓடுறான், பன்ட் ரிட்டர்னுக்கு (எதிராளி உதைச்சு விடுற பந்தைப் பிடிச்சு ஓட) ஆர் நிக்கிறான், ஸ்க்ரீன் பாஸுக்கு (கிட்ட எறியிற சின்ன பாஸ்) முன்னால நிண்டு ஆர் தடுக்கிறான், இதெல்லாம் பிரயோசனமான செய்தி. தடுக்காத ரிசீவரைக் கோச் இறக்க மாட்டார். பின் தொடைத் தசை எண்டு ஒரு சொல் வந்தா, "ஒண்டுமில்ல, நாளைக்கு வந்துடுவான்" எண்டு சேத்து சொன்னாலும், அந்தப் பேருக்குக் கீழ கோடு போடுங்க.

இவ்வளவும் முடிய ஒவ்வொருத்தனுக்கும் ஒரு ரேஞ்ச் எழுதுங்க, 55ல இருந்து 75 பந்து எண்டு, ஒரே நம்பரா எழுதாதீங்க. வழக்கமான சீசன் 12 மட்ச், மட்ச்சுக்கு 33 எறி எண்டா கிட்டத்தட்ட 400 எறி. அதுல டைட் எண்டுக்கும் ரன்னிங் பெக்குக்கும் போறதைக் கழிச்சிட்டு, பிடிபடாம போறதையும் கழிச்சிட்டுக் கூட்டிப் பாருங்க. உங்கட ரிசீவர்மார்ட கூட்டுத்தொகை அந்த மிச்சத்தைத் தாண்டினா நீங்களும் வட்ஸ்அப் மச்சானாட்டம் ஆகிட்டீங்க, குறையுங்க.

பாக்கிற நேரம்: அங்க கிழக்குக் கரையில சனி மத்தியானம் 12 மணி மட்ச் எங்களுக்கு சனி இரவு 9.30, 3.30 மட்ச் ஞாயிறு நடுச்சாமம் 1 மணி, 7.30 மட்ச் விடிய 5 மணி. நவம்பர் முதல் ஞாயிறு அவங்க மணிக்கூட்டை மாத்துவாங்க, அதுக்குப் பிறகு எல்லாம் ஒரு மணித்தியாலம் பிந்தும். விடிய மட்ச்தான் எனக்கு வசதி, தேத்தண்ணியோட பாத்து முடிச்சிட்டு சந்தைக்குப் போகலாம்.

மூண்டு கிழமை முடிய கொப்பியை ஒருக்கா திருத்துங்க. அப்ப யார்ட்ஸைப் பாக்காதீங்க, மூண்டு மட்ச்சில ஒரு நீளப் பந்து எல்லாத்தையும் குழப்பிடும். எத்தனை ஸ்னெப் (பந்து கிளம்புற ஒவ்வொரு தரமும் ஒரு ஸ்னெப்) நிண்டான், எத்தனை ரூட் ஓடினான், எத்தனை டார்கெட், அது மட்டும். ரூட் கன தரம் ஓடியும் டார்கெட் வராதவன்ட பேரை ரேஞ்சில இறக்குங்க, குறைய ஓடி டார்கெட் கூட வாங்கினவனை ஏத்துங்க, அவனுக்கு ஒக்டோபர்ல ஸ்னெப் கூடும்.